மாமிக்குச் சொன்ன சட்டம்

கண்டி டிஸ்திரிக் கோட்டில் பிரக்கிராசி முனாப், அதாவது வக்கீலான நான், எழும்பினால் எதிர்க்கட்சிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது போன வருஷம் கலகெதரையில் ஒரு மத்தியானத்தோடு முடிந்துபோனது. அந்த மத்தியானத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தொழில் புத்தி விடாது. முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

நான் மடவளையில் பிறந்தவன். வாப்பா பாக்கு வியாபாரி. கொழும்பில் சட்டம் படித்துவிட்டு வந்து, 1922ஆம் ஆண்டு கோட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஓர் அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டினேன். இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, அழகமுத்து என்ற கிளாக்கர். அழகமுத்து பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எப்படியோ எழுத்துப் படித்து டவுனுக்கு இறங்கி வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கெட்டிக்காரத்தனத்தில் இன்னும் மூத்தவர். முதல் ஐந்தாறு வருஷம் எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேலை இருக்கவில்லை. மாடு மேய்ந்த வழக்கு, வேலி தள்ளிப் போட்ட வழக்கு, நாய் கடித்த வழக்கு. காணி வழக்கெல்லாம் நரைத்த தலைகளைத் தேடிப் போய்விடும். நாங்கள் இருவரும் ஒழுங்கையில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்போம்.

என்னைத் தூக்கி விட்டது ஒரு சட்டப் பிரிவு. கோட்டில் கூண்டேறியவுடன் மொழிபெயர்க்கிற முதலியார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிற சத்தியம் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. நான் சொல்வது அதுவல்ல. ஒரு கட்சிக்காரர் தன் எதிராளியைப் பார்த்து, இன்ன பள்ளியில், இன்ன கோயிலில், இன்ன தேவாலயத்தில் வைத்து இன்ன வார்த்தையைச் சத்தியமாகச் சொல், சொன்னால் நான் வழக்கை விட்டுவிடுகிறேன் என்று கேட்கலாம். எதிராளி செய்தால் வழக்கு அவர் பக்கம். செய்ய மறுத்தால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மறுத்ததையும் சொன்ன காரணத்தையும் நீதிபதி எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மறுத்தவர் தோற்றார் என்று சட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை. ஆனால் எழுதுகிற நீதிபதியும் மனிதர்தானே. உண்மை பேசுகிறவருக்கு என்ன பயம் என்று அவர் யோசிப்பார். அப்படி யோசிக்காத நீதிபதியை நான் இன்னும் கண்டதில்லை.

பொய்யனுக்குத்தான் சத்தியத்தில் பயம் என்பது கோட்டின் எண்ணம். எங்கள் ஊர்களில் நிலைமை நேர்மாறு. பொய்யன் எதைத் தொட்டும் சத்தியம் செய்துவிட்டு வெற்றிலை போடப் போவான். அல்லாஹ்வுக்குப் பயந்தவர்தான் உண்மைக்குக்கூட குர்ஆனைத் தொட நடுங்குவார். ஒரு துண்டுக் காணிக்காக அந்தக் கிதாபில் கை வைப்பதா என்று வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுவார். வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்துக்கு இது தெரியாது. நரைத்த தலைகளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான் அந்த ஊர்க்காரன்.

1928இல் சாஹுல் ஹமீது முதலாளி என்னைத் தேடி வந்தார். மடவளைக்கும் கண்டிக்கும் இடையில் இரண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ்களை நிறுத்த றோட்டோரமாக ஒரு கராஜ் கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குத் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் ஆசியா உம்மா என்ற விதவை, றிஸானா என்ற ஒரே மகளோடு குடியிருந்தார்.

ஆசியா உம்மா என் மனைவி றமீஸாவுக்குத் தாய் வழியில் சொந்தம். நான் மாமி என்று கூப்பிடுவேன், அவர் என்னை மகன் என்பார். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் சோறாக்கியவர்களில் அவரும் ஒருவர். இதை நான் முதலாளியிடம் சொன்னேன். சொன்னால் அவர் வேறு பிரக்கிராசியிடம் போய்விடுவார் என்று ஒரு பாதி மனம் எதிர்பார்த்தது என்றுதான் இன்றைக்கு நினைக்க விரும்புகிறேன். அவர் போகவில்லை. சொந்தக்காரனே வந்தால் நியாயமான வழக்கு என்று ஊர் நினைக்கும் என்றார். நானும் ஏற்றுக்கொண்டேன். காணி வழக்கு, அதுவும் பஸ் முதலாளியின் வழக்கு, ஆறு வருஷம் காத்திருந்தவன் வாசலில் வந்து நின்றது.

வழக்கின் உள்ளே இருந்த உண்மை இதுதான். முதலாளியின் வாப்பா அந்தக் காணியை மாமியின் புருஷனுக்கு விற்றுவிட்டார். ஆனால் நொத்தாரிசிடம் போய்ச் சட்டப்படி உறுதிப் பத்திரம் முடிக்கவில்லை. இரண்டு பேரும் கூட்டாளிகள், பக்கத்துப் பக்கத்துத் தொழுகைப் பாயில் நிற்கிறவர்கள். சாதாரணக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். அந்தக் கடதாசி சட்டத்தில் செல்லாது. ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஒரு காணியைத் தன்னுடையதாக வைத்து அனுபவித்தால் காணி அனுபவித்தவருக்கே சேரும். மாமி குடும்பம் பதினெட்டு வருஷம் இருந்திருக்கிறது. எனவே வழக்கு ஒரே கேள்வியில் நின்றது. சொந்தமென்று இருந்தார்களா, இல்லை முதலாளியின் வாப்பா இரக்கப்பட்டு இருக்க விட்டதால் இருந்தார்களா?

உங்கள் வாப்பா விற்றாரா என்று முதலாளியை நேரே கேட்டேன். வாப்பா மௌத்தாகிவிட்டார், அவரிடம் போய் யார் கேட்பது என்று சிரித்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் நிறுத்தத் தெரிவதும் எங்கள் தொழிலில் ஒரு தேர்ச்சிதான்.

மாமிக்கு அந்த வீடு என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்குள் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கொடுத்தால்தான் கல்யாணம் ஒப்பேறும். றிஸானாவுக்கு அப்போது பதினாறு வயது. அக்குறணையில் ஒரு மாப்பிள்ளை பேசி, பெருநாள் கழித்து நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. வீடு போனால் கல்யாணமும் போகும்.

இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் கூண்டேறி இறங்கினார்கள். எங்கள் சாட்சிகள் பொய் சொன்னார்கள், அவர்களுடைய சாட்சிகள் உண்மையை உளறினார்கள். கேட்டுக்கொண்டிருந்த நீதிபதிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. அழகமுத்து என் காதருகே வந்து, ஐயா, இப்படியே போனா அந்தம்மாவுக்குத்தான் கிடைக்கும், பதினெட்டு வருஷம் லேசான விஷயமில்லீங்க என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு றமீஸா சொன்ன கதை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் கிடந்த ஒரு நேரத்தில் சொன்னாள். மாமியின் புருஷன் ஒரு பலாமரத்து எல்லைத் தகராறில் பள்ளிக்குப் பக்கத்தில் அவுலியா அடங்கிய ஸியாரத்தில் வைத்துக் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தாராம். உண்மையான சத்தியம், மரம் அவருடையதுதான். ஆனால் இருபத்தோராம் நாள் மூத்த மகன் ஆற்றில் போய்விட்டான். ஒரு பலாமரத்துக்காக அந்தக் கிதாபைத் தொட்டதுதான் காரணம் என்று ஊரே பேசியது. மாமி அன்றிலிருந்து விளையாட்டுக்குக்கூட ஆணையிட்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. இருக்கிற ஒரு பிள்ளையையும் கொடுக்கவா என்று கேட்பாராம். இதைச் சொல்லும்போது றமீஸாவுக்குக் கண் கலங்கியது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தியத்துக்குக் கேட்கப்போகிறேன் என்றதும் முதலாளி பதறிப்போனார். அவள் செய்துவிட்டால் வழக்கு அம்போ என்று போய்விடுமே என்றார். செய்யமாட்டார் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் எழும்பி நின்று, ஆசியா உம்மா மடவளை ஸியாரத்தில் குர்ஆன் மீது கை வைத்து, அந்தக் காணியில் யாருடைய அனுமதியிலும் இல்லாமல் சொந்தமென்றே இருந்ததாகச் சத்தியம் செய்தால், என் கட்சிக்காரர் வழக்கை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார் என்று அறிவித்தேன். கோடே என்னைத் திரும்பிப் பார்த்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இது மிகவும் பெருந்தன்மையான யோசனை என்றார். மாமிக்காக வந்திருந்தவர் வயதான ஒரு பறங்கிப் பிரக்கிராசி, நல்ல மனிதர். வழக்கு ஜெயித்துவிட்டது என்றே நினைத்து, உடனே சம்மதம் என்று துள்ளி எழும்பினார். முதலியார் தமிழில் எடுத்துச் சொன்னபோது, மாமி சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டும் என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்குத் தவணை கிடைத்தது.

நான் பயந்தது அந்த இடைவெளிக்குத்தான். பறங்கிக் கிழவர் அவரைக் கூப்பிட்டு வைத்து, அம்மா, செய்யாவிட்டால் வீடு போய்விடும் என்று நன்றாக விளங்கப்படுத்திவிட்டால், மாமி பயத்தைக் கடித்துக்கொண்டு செய்தாலும் செய்வார். ஆனால் அந்த மனிதருக்குத் தமிழ் அரைகுறை. இதில் விளங்கப்படுத்த என்ன இருக்கிறது என்றும் அவர் நினைத்திருப்பார். மாமிக்கும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை, அவர் நம்மவர் இல்லையே.

மாமி என்னிடம் வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுது முடிந்த நேரம். கண்டி கட்டுக்கலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வந்தது சாஹுல் ஹமீது முதலாளியின் பஸ்ஸில்தான், வேறு பஸ் ஏது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வழக்கிலே எதிர்ப்பக்கத்துப் பிரக்கிராசியின் வீட்டுக்குப் புத்தி கேட்டு வருகிற மனிதர்கள் எங்களைத் தவிர உலகத்தில் வேறு எங்காவது இருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்கு அதில் எந்தக் கோணலும் தெரியவில்லை. கோட்டில் நான் முதலாளியின் ஆள், வீட்டில் றமீஸாவின் புருஷன்.

எதிர்க்கட்சிக்காரரோடு அவருடைய பிரக்கிராசி இல்லாத இடத்தில் நான் பேசக் கூடாது. அது எங்கள் தொழில் ஒழுங்கு. மாமி, இதைப் பற்றி நான் பேசக் கூடாது, உங்களுடைய லோயரிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. றமீஸா மாமியைக் கதிரையில் இருத்தி, அவர்ட்டயே கேளுங்க என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மகன், நீங்க அவர்ட ஆள் என்டு எனக்குத் தெரியும். அது ஒங்கட தொழில், நான் கொற சொல்லல்ல," என்றார் மாமி. "நான் கேக்கிறது வேற. நம்மட ஆளா ஈந்து சொல்லுங்க. நான் அந்தச் சத்தியத்தச் செய்யத்தான் வேணுமா? என்னயப் பிடிச்சி வச்சிச் செய்ய வைக்கேலுமா?"

"ஏலா மாமி. ஒத்தராலயும் ஒங்களக் கட்டாயப்படுத்த ஏலா. சட்டத்திலயே அப்பிடித்தான் ஈக்கி."

"செய்யாட்டிக் குத்தமா?"

"குத்தமில்ல. ஏன் செய்யல்ல என்டு கேப்பாங்க. நீங்க சொல்றத எழுதிக்குவாங்க. அவ்வளவுதான்."

சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு யார் வந்து கேட்டாலும் நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்று வாதாடுவேன். அவ்வளவுதான் என்று சொன்னேனே, அந்த ஒரு சொல் மட்டும் சட்டத்தில் கிடையாது. அதை நானாகச் சேர்த்தேன். மாமியின் தோள்கள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டார். இந்தப் பத்து நாளும் ஒழுங்காக நித்திரை இல்லை, பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது, இப்போதுதான் மூச்சு வந்தது என்றார். றமீஸா கொண்டுவந்த தேத்தண்ணியை ஆசையோடு குடித்தார். போகும்போது என் தலையில் கை வைத்து துஆ செய்துவிட்டுப் போனார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை கோட்டில் மாமி மறுத்தார். காரணம் கேட்டபோது, எனக்கு ஒரு பிள்ளைதான் ஈக்கி என்று சொன்னார். முதலியார் அதை இங்கிலிஷில் சொன்னார், நீதிபதிக்கு அது எந்த விதத்தில் பதில் என்று விளங்கவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். பறங்கிக் கிழவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. உண்மையைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தும் எதிராளி பின்வாங்கியதைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்று அதில் ஒரு பந்தி இருந்தது. எல்லாம் இங்கிலிஷில் வாசிக்கப்பட்டது. முதலியார் முடிவை மட்டும் தமிழில் சொன்னார். ஏன் தோற்றோம் என்று மாமிக்கு யாரும் சொல்லவில்லை. கடதாசி நொத்தாரிசு முன்னிலையில் முடிக்காதது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அதையே அவரும் நம்பினார். செத்துப்போன புருஷனின் கவனயீனம் என்று நினைத்துக்கொண்டார். அப்பீலுக்குப் போக அவருக்கு ஆள் பலமும் இல்லை, தெம்பும் இல்லை.

கோட்டுக் கட்டளையோடு பிஸ்கால் ஆட்கள் வந்து வீட்டைக் காலி செய்தார்கள். அக்குறணை மாப்பிள்ளை வீட்டார் காதும் காதும் வைத்தாற்போல் பேச்சை முறித்துக்கொண்டார்கள். மாமியும் றிஸானாவும் கலகெதரையில் இருந்த மாமியின் மூத்த சகோதரரான காக்கா வீட்டுக்குப் போனார்கள். ஆறு மாதத்தில் அந்த இடத்தில் கராஜ் எழும்பியது.

றமீஸா என்னிடம் சண்டை பிடிக்கவில்லை. ஸியாரம், குர்ஆன், சத்தியம் என்று ஊரில் பேச்சு அடிபட்டபோதே, தான் சொன்ன கதை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து என்னிடம் ஊர்க்கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், பிள்ளைகளைப் பார்ப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. ஏழு வருஷம் ஒரே வீட்டில் அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட தண்டனை என்று தெரியும்.

வெளியில் எனக்கு யோகம் அடித்தது. முனாப் கேட்டால் எதிராளி சத்தியத்துக்கு வரமாட்டான் என்று பெயர் பரவியது. கட்டுகஸ்தோட்டை, பன்வில, வத்தேகம என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தார்கள். அழகமுத்து புது வழக்கு எழுதும்போது பெயர், ஊர் கேட்டுவிட்டு, எதிராளி சாமிக்குப் பயந்த ஆளா என்று மூன்றாவதாகக் கேட்பார். பயந்தவர் என்றால் என் முகத்தைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். எத்தனை கோயில், எத்தனை பள்ளி, எத்தனை தேவாலயம். பயந்து பின்வாங்கியவர்களின் முகங்களை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இளம் பிரக்கிராசிகள் என் சத்திய வாசகங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். கார் வாங்கினேன், பாயிஸ் என்று ஒரு டிரைவர் வைத்தேன். ஒரு நாள் அழகமுத்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லவங்களாப் பாத்துப் பாத்து அடிக்கிறோமேங்க ஐயா," என்றார். வேலையைப் பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்தார்.

1934 கடைசியில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. மலை மேல் கண்டியில் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. குருநாகல் பக்கம் இறங்க இறங்கச் சனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். கலகெதரையில் வீட்டுக்கு ஒருவர் படுக்கையில் என்று கேள்விப்பட்டோம். மாசி மாதம் செய்தி வந்தது. றிஸானா மௌத்து. இருபத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. மடவளையில் அந்த வருஷம் காய்ச்சலில் செத்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே போட்டேன், இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு றமீஸா போக வேண்டும் என்றாள். நீங்களும் வாங்க என்றாள். ஏழு வருஷத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் காரியம். போனேன்.

கத்தம் ஓதி, சோறு போட்டு, ஆட்கள் கலைந்த பிறகு மாமி வந்து எனக்கு எதிரில் நிலத்தில் உட்கார்ந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். மாமி ஏசினால் கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். அவர் ஏசவில்லை. கதிரையின் கைப்பிடியில் இருந்த என் கையைத் தடவிக்கொடுத்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா மகன், நான் அன்டைக்கு அந்தச் சத்தியத்தச் செஞ்சீந்தா புள்ள அப்பவே போயீப்பா. நீங்க சொன்ன சொல்லுலதான் நான் தப்பின. ஏழு வருஷம் அல்லாஹ் அவள என்ட மடியில வச்சீந்தான்."

வந்த வழியெல்லாம் பாயிஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் தயார் செய்து வைத்திருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது. இப்போது சொன்னால் மாமியிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்குவதாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டிருப்பதே புண்ணியமாக அமைந்தால் யாருக்குத்தான் கசக்கும்.

மாமி உள்ளே திரும்பி ஒருவரைக் கூப்பிட்டார். கதவு மறைவில் நின்றிருந்த இளம் பெண் ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டு ஹுஸைனின் பெண்சாதி, அதே காய்ச்சலில் ஹுஸைன் போய்விட்டான், இரண்டு குழந்தைகள். புருஷனின் சகோதரன் வீட்டைத் தன்னுடையதென்று கோட்டுக்குப் போயிருக்கிறான். அவள் ஒரு கடதாசியை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். ஸியாரத்தில் குர்ஆன் மீது கை வைத்து, யாருடைய அனுமதியிலும் இல்லாமல் சொந்தமென்றே இருந்ததாகச் சத்தியம் செய்தால் வழக்கை விட்டுவிடுகிறோம். எழுத்துக்கு எழுத்து நான் எழுதிய வாசகம், கீழே யாரோ ஓர் இளம் பிரக்கிராசியின் கையெழுத்து. நாளை மறுநாள் கோட்டில் பதில் சொல்ல வேண்டும்.

"இந்தப் புள்ள பயந்து செத்துக்கொண்டீக்கிறா," என்றார் மாமி. "எனக்குச் சொன்னீங்களே, அத இவக்கும் சொல்லுங்க மகன். ஒங்கட வாயால கேட்டா மனசு ஆறும்."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். திங்கட்கிழமை என் ஒபீசுக்கு வா, பேசுவோம் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். எந்த இக்கட்டிலும் முதலில் தவணை கேட்கத்தான் எங்களுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே அவள் கோட்டில் பதில் சொல்லியாக வேண்டும். மாமியின் கை இன்னும் என் கையின் மேல்தான் இருந்தது. மாமிக்குச் சொன்னதையே இவளுக்கும் சொன்னால் மாமியின் மனம் அப்படியே இருக்கும், இந்தப் பெண்ணின் வீடு போகும். மாற்றிச் சொன்னால் மாமிக்கு விளங்கிவிடும். மூன்றாவது வழி ஒன்றைத் தேடினேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

வீடு உண்மையில் உன்னுடைய புருஷனுடையதா என்று கேட்டேன். அவளுடைய சீதன வீடு, வாப்பா கட்டிக் கொடுத்தது என்றாள்.

"அப்ப செய்யுங்க," என்றேன். "உண்மைக்குச் சத்தியம் செய்றதுல ஒரு கெடுதியும் வராது. செய்யாட்டி வீடு போகும். கட்டாயம் போகும்."

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னதை மாமி மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு என் கையின் மேலிருந்த தன் கையை எடுத்தார்.

"செய்யாட்டி வீடு போகுமா மகன்?"

"போகும் மாமி."

"என்ட வீடும் அதாலயா போன?"

"அதாலதான்."

"அன்டைக்கு ஒங்களுக்கு அது தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் றமீஸா வந்து நின்றிருந்தாள். "தெரியும் மாமி," என்றேன். "அதுக்காகத்தான் சொன்ன."

மாமி அழுவார் என்று நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"ஏழு வருஷமா, ஒரு வக்துத் தொழுக விடாம, ஒங்கட பேரச் சொல்லி துஆக் கேட்டன் மகன். புள்ளட பேருக்கு முந்தி."

பிறகு கையை ஊன்றி எழும்பினார். ஹுஸைனின் பெண்சாதியிடம், கேட்டாய்தானே, போய்ச் செய், நானும் உன்னோடு ஸியாரத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். றமீஸாவும் பின்னால் போனாள். பாயிஸ் காரைத் திருப்பிக்கொண்டு வரும்வரை நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.